ஊரார் மெடல்களும் எங்கள் வீட்டு வெல்வெட்டும்

வீட்டுக்கு வந்தவர்களிடம் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது மற்ற ஜனங்களின் வழக்கம். நாசரேத், சாத்தான்குளம் பக்கமிருந்து தூத்துக்குடிக்கு வந்து குடியேறிய எங்கள் மிஷன் குடும்பங்களில் வந்தவர் முதலில் மெடலைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அப்புறம் வரும். முன்னறையில், வாசலுக்கு நேர் எதிரே, ஆள் நுழைந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே சிவப்பு வெல்வெட். அதன் மேல் வெள்ளி மெடல்கள். தாத்தாவோ தாத்தாவின் அப்பாவோ வெள்ளைக்காரப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, வருஷக் கடைசியில் பரிசளிப்பு விழாவில் வாங்கியவை. வந்தவர் அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அந்த ‘ம்ம்’ எவ்வளவு நீளமாக வருகிறதோ அதற்குத் தக்கபடி காபியில் பால் இருக்கும்.

கல்யாணப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். பையனுக்கு வேலை நிரந்தரமா, பெண்ணுக்கு நிறம் எப்படி என்பதெல்லாம் பிறகுதான். “அவுக வீட்டுல எத்தன மெடலு?” என்பதுதான் முதல் கேள்வி. படிப்பு எந்தத் தலைமுறையில் வந்தது என்பது அதில் தெரிந்துவிடுமாம். எல்லார் வீட்டு முப்பாட்டனும் பனையேறிப் பிழைத்தவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பாளை சீவிய அரிவாளை யாரும் வெல்வெட்டில் குத்தி வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மெடல் கிடையாது. என் தாத்தா ஒரு ஓலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் விட்டுப் போனது ஒரு குடையும் நிறைய இருமலும். என் அப்பாவும் வாத்தியார்தான், பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரிந்த அவருக்கு, எங்கள் முன்னறைச் சுவரில் வேத வசனக் காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை என்பது தீராத குறை. மற்ற வீடுகளுக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று முறையாக ‘ம்ம்’ சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தக் குடும்பத்தின் ஊழல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விடுவார்.

எழுபதுகளில் நான் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். உப்பு ஏறுகிறது, நிலாவாரை இலை ஏறுகிறது, கருவாடு ஏறுகிறது என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பேன். எனக்கு இருபத்தெட்டு வயது தாண்டியிருந்தது. அதாவது, ஊரில் உள்ளவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் என் அம்மாவுக்காகப் பரிதாபப்படுகிற வயது.

ஒரு நாள் அம்மாவின் உடைந்த கொலுசை மாற்றுவதற்காக வெள்ளிக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், வாய் நிறைய வெற்றிலை போட்டவர். பழைய வெள்ளியை எடைக்கு வாங்கி உருக்குவதுதான் அவருக்கு முக்கியமான தொழில். உருக்கப் போகிற குவியலில் நசுங்கிய குங்குமச் சிமிழுக்கும் ஒற்றை மெட்டிக்கும் நடுவே ஒரு மெடல் கிடந்தது. முன்பக்கம் திறந்த புத்தகமும் ஒரு விளக்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கையால் வெட்டிய சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பையனின் பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு வருஷம், எதற்காகக் கொடுத்தது என்கிற விவரம். தவறாமல் நேரத்துக்குப் பள்ளிக்கு வந்ததற்காக.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேரத்துக்கு வந்ததற்கெல்லாம் வெள்ளியில் மெடலா என்று இருந்தது. யார் இந்தப் புண்ணியவான், இது எப்படி இங்கே வந்து விழுந்தது என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற வெறி அன்றைக்குப் பிடித்ததுதான். கொலுசை மறந்துவிட்டு மெடலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

“இதப் போயி வாங்குதியளே தங்கச்சி” என்றார் அண்ணாச்சி. ஆனால் அதன் பிறகு எழுத்து வெட்டிய வெள்ளி எது வந்தாலும் எனக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். மெடலில் இருக்கிற ஊருக்குப் போவது, கோயிலடியில் நிற்கிற வயதானவர்களைப் பிடிப்பது, இந்தப் பெயரில் ஒருவர் இருந்தாரா என்று விசாரிப்பது. எங்கள் ஊர்களில் இறந்தவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் சோம்பல் கிடையாது. நேரம் தவறாத அந்தப் பையனைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். பெரியவனானதும் சம்பாதிக்கக் கொழும்புக்குப் போகக் கிளம்பி, துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் கப்பல் போய்விட்டதாம். அவமானத்தில் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே கருப்பட்டி மொத்த வியாபாரம் ஆரம்பித்து, இன்றைக்கு அவர் வாரிசுகள் கடைத்தெருவில் பாதியை வைத்திருக்கிறார்கள். மெடலை யார் விற்றது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அடுத்து கிடைத்தது மதுவிலக்குக் கட்டுரைக்குக் கொடுத்த மெடல். அதை வாங்கியவர் பிற்பாடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் கள்ளுக்கடை குத்தகை எடுத்தவர். நன்னடத்தை மெடல் வாங்கியவரைச் சபையைவிட்டே நீக்கியிருந்தார்கள். என்ன செய்தார் என்று கேட்டபோது அந்த ஊர்ப் பெரியவர், பக்கத்தில் தம் மனைவி இருக்கிறாரா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, “அது ஒண்ணா ரெண்டாம்மா” என்று ஆசையாக ஆரம்பித்தார்.

இப்படியே டிரங்குப் பெட்டி நிறைந்துகொண்டு வந்தது. வேத பாடம், கையெழுத்து, கணக்கு, தோட்ட வேலை. தேக சுத்தத்துக்குக்கூட ஒன்று இருந்தது. ஒழுங்காகக் குளித்ததற்கு மெடல் வாங்கிய அந்தப் பையனை எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்களைப் போல அவன் எதையும் சாதித்ததாக நடிக்கவில்லை.

மெடலைக் கையில் எடுத்ததும் திருப்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முன்பக்கம் என்ன இருக்கிறது? எல்லாவற்றிலும் அதே விளக்கு, அதே புத்தகம், இல்லாவிட்டால் அதே ராணி. ஆளும் கதையும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஒரு முறை வெள்ளிக் கடையில் நான் நிற்கும்போது சங்கு குளிக்கிற ஒருவர் வந்தார். கழுத்தில் கிடந்ததைக் கழற்றி, வளையம் தேய்ந்துவிட்டது, பற்று வைத்துக் கொடுங்கள் என்றார். மாதா சுரூபமாம். தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் சின்னக் கிரீடம், கொஞ்சம் தடித்த முகம். எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். என் பெட்டியில் அதே முகம் நிறைய இருந்தது. விக்டோரியா மகாராணி. கை தன்னால் போய்த் திருப்பிவிட்டது. பின்னால், பிழையில்லாமல் எழுதியதற்குப் பரிசு என்று இருந்தது.

“இது கழுத்துல கெடந்தா சுறா கிட்ட வராது. எங்கப்பா காலத்துல முத்துக் குளிக்கையிலயும் இதுதான். தண்ணிக்குள்ள கூடவே வாரா எங்க மாதா” என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். அவர் போனதும் அண்ணாச்சி, “எல்லாத்தையும் திருப்பிப் பாக்கப்பிடாது தங்கச்சி” என்றார். அந்த ராணியம்மாளைப் பற்றி எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவர் பார்த்த ஒரே உருப்படியான வேலை இதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்கு என் சேகரிப்பு அடியோடு பிடிக்காது. “ஊரான் வீட்டு மெடல எதுக்குளா சொமந்துட்டு வார? நமக்கு இல்லங்கத ஊருக்கு வெளிச்சம் போட்டுக் காட்டவா?” என்பார். இதற்கிடையே எனக்கு வந்த இடங்களெல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தன. வருகிறவர்கள் முன்னறைச் சுவரை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். கண் வசனக் காலண்டரில் போய் முட்டி நிற்கும். “மெடலு ஒண்ணும் காங்கலியே?” என்பார்கள். அப்பா இருமுவார். தாத்தாவிடமிருந்து வந்தது அது ஒன்றுதானே. காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். தகவல் வராது.

அப்புறம்தான் அந்த இடம் வந்தது. எங்கள் சபை உபதேசியார் கொண்டுவந்தார். கோயிலில் ஜெபம் நடத்துவதைவிடக் கல்யாணம் முடிப்பதில்தான் அவருக்கு விசுவாசம் அதிகம். மாப்பிள்ளை புதுத் துறைமுக வேலையில் இஞ்சினியர். பெரிய மெடல் குடும்பம். பெயரைச் சொன்னதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஏதோ இயந்திரச் சாமான் பெட்டி விஷயமாக எங்கள் ஆபீஸுக்கு வந்து போனவர். மற்ற இஞ்சினியர்கள் எல்லாம் வந்ததும் மேஜையைத் தட்டிக் கத்துவார்கள். இவர் பெஞ்சியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வறுகடலை தின்றுகொண்டே காத்திருப்பார். எனக்கும் ஒரு கை நீட்டியிருக்கிறார். மானேஜர் கத்தும்போது அவர் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சுருக்குவார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல இஷ்டமில்லை. மிகவும் பிடித்திருந்தது. இந்த இடம் முடிய வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக நானே ஜெபம் செய்தேன்.

உபதேசியார் போன மறுநாள் காலையில் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏளா, அந்தப் பெட்டிய இங்கன கொண்டா.”

“எதுக்குப்பா?”

“ஒங்க தாத்தா மெடல எடுக்கணும்.”

“தாத்தா எப்பப்பா மெடல் வாங்குனாவ?”

“இன்னைக்குத்தான் வாங்குதாவ” என்றார் அப்பா. முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

அம்மா உள்ளே போய், கல்யாணமான புதிதில் தைத்த தன் சிவப்பு வெல்வெட் ரவிக்கையை வெட்டிக்கொண்டு வந்தாள். தச்சரிடம் கண்ணாடிப் பெட்டி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் கடைசியாகக் கேள்விப்பட்டது நான் ஒருத்திதான்.

சரி, திருடுகிறதுதான் திருடுகிறோம், பொருத்தமாகவாவது திருடலாம் என்று நான் கையெழுத்து மெடலை எடுத்துக் கொடுத்தேன். வாத்தியாருக்குப் பொருந்தும். அப்பா கேட்கவில்லை. பளபளப்பைப் பார்த்து அவரே மூன்றைப் பொறுக்கினார். அவர் எடுத்ததில் தேக சுத்தமும் இருந்தது. “அப்பா, அது குளிச்சதுக்குக் குடுத்தது” என்றேன். “பின்பக்கத்த யாருளா பாக்கப் போறா?” என்று சொல்லி, எழுத்து வெல்வெட்டுக்குள் அமுங்குகிற மாதிரி, விளக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரிக் குத்தி வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போன எல்லா வீடுகளிலும், நான் ‘ம்ம்’ சொன்ன எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளிலும், மெடல்கள் இப்படித்தான் இருந்தன. விளக்கும் புத்தகமும் ராணியும்தான் வெளியே. தாத்தாவின் பெயரைத்தானே பெருமையாக வெளியே காட்ட வேண்டும்? ஒரு வீட்டில்கூட ஒரு பெயரும் வெளியே தெரிந்து நான் பார்த்ததில்லை. பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் விசாரித்த நான், கண்ணெதிரே சுவரில் தொங்கியதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

நேரே வெள்ளிக் கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, உங்ககிட்ட மெடல் வாங்குதது நான் ஒருத்திதானா?” என்று கேட்டேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். “நல்லா கேட்டிய போங்க. தை, வைகாசி வந்துட்டா ஒங்க ஆளுகளுக்கு எடுத்துக் குடுத்து மாளாது. கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசத்துல பாதி திரும்ப எங்கிட்டயே வந்துரும். ஒரே மெடலு மூணு நாலு வீட்டுக்குத் தாத்தாவா இருந்துட்டு வந்துருக்கு.”

“அப்ப எனக்கு எடுத்து வச்சது?”

“ஒங்க கல்யாணத்துக்குத்தான் சேத்து வைக்கியன்னு நெனச்சேன். பாவம், நாளாகுதேன்னு நல்லதாப் பாத்து எடுத்து வச்சேன். வேற எதுக்கு, தங்கச்சி, ஒருத்தி இதச் சேப்பா?”

எனக்கு வந்த கோபத்தில் அவர் தராசைத் தூக்கிப் போட்டிருப்பேன். அவர் முகத்தில் அவ்வளவு உண்மையான பரிவு இருந்ததால் போடவில்லை. நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஊரோ, பெண் தன் சீரைத் தானே சேர்க்கிறாள் என்று நினைத்திருக்கிறது. ஆக, மெடல் குடும்பங்களுக்குள் இருக்கிற மரியாதை எனக்கு விளங்கிவிட்டது. யார் வீட்டு மெடலையும் யாரும் தொட்டுத் திருப்புவதில்லை. உன் தாத்தாவை நான் நம்புகிறேன், என் தாத்தாவை நீ நம்பு.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா, கூட உபதேசியார். பெரியப்பா பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உள்ளே வந்ததும் நேரே கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டி, என் வாழ்நாளிலேயே மிக நீளமான ‘ம்ம்’ ஒன்றைக் கொடுத்தார்.

“எங்க அப்பா. கணக்கு, வேதம், கையெழுத்து, எல்லாத்துலயும் மொதல்” என்றார் அப்பா. அந்த வரியை அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு நாளாகக் குளியலறைக் கதவு வழியாகக் கேட்டிருந்தேன்.

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, மக்ரூன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தங்க முலாம் பூசிய மெடல். “எங்க ஐயா வாங்குனது. கணக்குல இந்த மாகாணத்துக்கே மொதல். நல்ல எடத்துக்குப் போகும்போது மட்டும் கொண்டு வருவேன்” என்றார். மெடல் கைமாறியது. அப்பா அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, முகத்தை மட்டும் பார்த்து, ‘ம்ம்’ என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா உபதேசியாரிடம். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்து மரியாதையாகக் கொடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை கதவோரமாக என்னைப் பார்த்துக் கண்ணை லேசாகச் சுருக்கினார். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

“பொண்ணும் பாக்கட்டுமே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நல்லதுதான் நினைத்தார்.

என் கைக்கு வந்தது. திருப்பிவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. எத்தனை வருஷப் பழக்கம். திருப்பிய பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தேய்ந்து போகவில்லை, சுரண்டவில்லை, எழுத்தே வெட்டப்படாத மொழுமொழுவென்ற பின்பக்கம். இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று நான் நினைத்திருந்தேன், பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மொத்தமாக மெடல் செய்து வாங்கிவிட்டு, ஆள் தேறாத வருஷம் பெயர் வெட்டாமலே மிச்சம் வைத்திருப்பார்கள். அது கையில் கிடைத்த ஆனந்தத்தில், நான் பெண் பார்க்கப்படுகிறவள் என்பதே மறந்துபோய், “ஐயோ, இது யாருக்குமே குடுக்காத மெடல்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றி, அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்.

“பொண்ணு மெடலத் திருப்புதா” என்றார் பெரியப்பா, யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்தார். “அப்ப இதையும் திருப்பிருவோம்” என்று சொல்லி, எங்கள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அப்பா பிடிப்பதற்குள் ஒரு மெடலை வெல்வெட்டோடு பிய்த்தெடுத்தார். இன்ஸ்பெக்டர் அல்லவா, சத்தமாக வாசித்தார். யாரோ ஒரு பையனின் பெயர், யாரோ ஒரு ஊர். “தேக சுத்தம்” என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னார். “ஒங்க ஐயாவுக்கு இந்தப் பேர எப்ப வச்சிய?”

அப்பா இருமினார்.

அவர்கள் போய்விட்டார்கள். பெயர் இல்லாத மெடலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போவதற்கு மறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலில் நின்று என் கன்னத்தைத் தொட்டு, “நல்ல பொண்ணுதான்” என்று பெருமூச்சு விட்டார்.

மறுநாள் உபதேசியார் வந்தார். இரண்டு குடும்பமும் பொய் சொன்னதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேச்சு முழுக்க நான் திருப்பியதைப் பற்றித்தான். “பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கும்மா? நாளைக்கு அவுக வீட்டுக்குப் போயி என்னென்னத்தத் திருப்புவியோன்னு பயப்பட மாட்டாவளா?” என்றார். நான்கு நாளில் செய்தி நாசரேத் வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் எந்த உபதேசியாரும் இடம் கொண்டு வரவில்லை. சில வீடுகளில் நான் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் யாராவது வந்து நின்றுகொள்வார்கள். அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடிப் பெட்டியை மட்டும் கழற்றவில்லை. மூன்றில் ஒன்று போனாலும் இரண்டு இருக்கிறதே.

ராத்திரி படுத்தால், அவர் கண்ணைச் சுருக்கியது நினைவுக்கு வரும். இருமலாக மாற்றிய அந்தச் சிரிப்பும். அவருக்கு என் மேல் கோபமில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெரியப்பா போனால் போகிறார், அவர் வருவார் என்று நினைத்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸுக்குப் போகும்போது நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

வந்தார். மழை பெய்து ஓய்ந்த ஒரு பகலில், மானேஜர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் மேஜைக்கு நேரே வந்து நின்று, வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவே வைத்தார். நான் ஒரே கப்பலில் உப்பை இரண்டு தடவை ஏற்றி அடித்துவிட்டேன்.

“அன்னைக்கு நீங்க செஞ்சது சரிதான். பெரியப்பா மூஞ்சி போன போக்க நெனச்சு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சிரிச்சேன்” என்றார். “இந்த ஊர்ல மெடலப் பத்தி உண்மையாத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்.”

அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு உதவி” என்றார். “இன்னொரு எடம் வந்துருக்கு. பொண்ணு காலேஜ்ல பாடம் நடத்துதாவ. அவுகளும் திருப்பிப் பாத்துட்டா என்ன செய்யன்னு வீட்ல ஒரே பயம். திருப்பினாலும் நிக்கிற மாதிரி, எங்க தாத்தா பேரு வெட்டுனது ஒண்ணு ஒங்ககிட்ட இருக்குமா? எங்க பக்கம் பாதிப் பேருக்கு அதே பேருதான். கெடைக்காமலா போயிரும்?”

முதலில் எனக்குப் புரியவே இல்லை. புரிந்தபோது காது சுட்டது. எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. கட்டியிருந்த சேலையை அங்கேயே கிழித்துப் போடலாம் போல இருந்தது.

“மெடல் இல்லாம போய்ப் பாருங்களேன்” என்றேன். “நீங்களே சிரிக்கிய. பெரியப்பாகிட்ட சொல்லலாம்லா?”

“எனக்கென்ன, நான் இதெல்லாம் நம்புததே இல்ல” என்றார் அவர், கடலையை வாயில் போட்டுக்கொண்டு. “பெரியப்பா கேக்க மாட்டாவ.”

அந்தப் பெயர் என்னிடம் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று உபதேசியார் சொன்ன அன்றைக்கே டிரங்குப் பெட்டியைக் குடைந்து, அவர் சொல்லியிருந்த மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒன்றைத் தேடிக் கண்டெடுத்திருந்தேன். அவர்கள் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கே போய் விசாரித்தும் வந்தேன். தகப்பன் பெயர், ஊர், எல்லாம் ஒத்துப்போனது. அவருடைய தாத்தாவேதான். கணக்கு இல்லை, மாகாணத்துக்கு முதலும் இல்லை. பாட்டுக்கு இரண்டாம் பரிசு. ஊரில் உள்ள கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இல்லாத ஒரு நிஜமான தாத்தா. கல்யாணத்தன்று சாயங்காலம் அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று பல்பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பழைய பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

“இல்லீங்க” என்றேன். “அந்தப் பேர்ல ஒண்ணும் வரல.”

பரவாயில்லை, வெள்ளிக் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்தார். பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலையை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலேஜ் டீச்சரைத்தான் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மாள் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் மெடலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் ஆசை. மற்ற மெடல்களை இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். பாட்டு மெடலை மட்டும் தொடுவதில்லை. அது கறுத்துக் கிடக்கட்டும்.